கவிழ்த்து வைத்த ஷூக்கள்

ஷூ கைக்கு வந்ததும் ஹெதியா அதைக் கவிழ்த்துவிடுவாள். அடியைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, குதிகாலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "எங்க அழுத்துது, சொல்லு" என்பாள். என்ன மாதிரி வேண்டும் என்று மட்டும் கேட்கவே மாட்டாள்.

"என்ன வேணும்னு கேட்டா ஊர்ல இருக்கிறதெல்லாம் கேப்பாங்க. எங்க வலிக்குதுன்னு கேளு, ஒண்ணுதான் சொல்லுவாங்க."

ஸ்ஃபாக்ஸ் நகரில், துஹாமியின் ஷூப் பட்டறையில் இருபது வருடமாகப் பசை ஒட்டுகிறவள். மத்தியானம் ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்துத் தின்னும்போதும் கண் என்னவோ தெருவில் போகிறவர்களின் குதிகாலில்தான் இருக்கும்.

முதலாளி துஹாமிக்கு ஷூ கவிழ்ந்து கிடந்தால் ஆகாது. அந்த ஊரில் யாருக்குமே ஆகாது. ஷூவின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தால் இறைவனுக்கு அவமரியாதை. போகிற போக்கில் குனிந்து நிமிர்த்தி வைத்துவிட்டு, "இறைவா, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுப்பார். அவர் நகர்ந்ததும் ஹெதியா மறுபடி கவிழ்ப்பாள்.

இந்த வசந்தத்தில் ஆஸ்பத்திரி நர்சுகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, அவரவர் காலுக்கு ஏற்ற ஷூ வேண்டும் என்று ஆர்டர் வந்தது. முதலாளி ஒவ்வொரு காலாக அளந்து, ஒவ்வொரு ஜோடியாகத் தொடங்கினார். மூன்று வாரத்தில் முப்பது ஜோடிதான் தேறியது. வெட்டுகிறவள் தைக்கிறவளைத் திட்ட, தைக்கிறவள் ஒட்டுகிறவளைத் திட்ட, பட்டறை சந்தைக்கடையானது. ஆஸ்பத்திரி பத்து நாள் கெடு வைத்தது. தவறினால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும்.

"காலுக்கு ஏத்த ஷூவெல்லாம் நமக்குச் சரிப்படாது. பழையபடி ஒரே மாதிரி செருப்பே தைப்போம்" என்றார் முதலாளி.

"அந்தப் பத்து நாளை எங்கிட்டக் கொடுங்க. முடியலைன்னா வேலையை விட்டுட்டு நானே வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள் ஹெதியா.

ஹெதியா கேட்டனுப்ப, மறுநாளே நர்சுகளின் தேய்ந்த ஷூக்கள், பெயர்ச் சீட்டோடு, மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. தரை முழுக்க அத்தனையும் அடி மேலே தெரியக் கிடந்தன. முதலாளி பதறிப்போய்க் குனிந்தார்.

"தொடாதீங்க முதலாளி! நிமிர்த்தினா வலி மறைஞ்சுடும்."

எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தாள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஏழு குவியல்.

"இருநூத்திப் பன்னெண்டு பொம்பளைங்க, ஏழே ஏழு வலி!"

அப்புறம் என்ன? மேல்பாகம் எல்லாருக்கும் ஒன்றுதான். அளவு அளவாகத் தைத்துக் குவித்தார்கள். பாதத்துக்கு அடியில் உள்ளே வைக்கும் தக்கை மட்டும், வலிக்கு ஒன்றாக, ஏழு விதம். அதையும் கடைசி மேசையில், எந்த நர்சுக்கு எந்த வலி என்று பட்டியலில் பெயரைப் படித்த பிறகுதான் வைப்பது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாரும் யாரையும் திட்டவும் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டாவது ஜோடி பெட்டிக்குள் போனது.

சோதிக்க வந்தவள் தலைமை நர்ஸ் வசீலா. எதிலும் குறை சொல்லாமல் திரும்பாதவள். தன் ஜோடியைப் போட்டுக்கொண்டு பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். நின்றாள். இன்னொரு தரம் நடந்தாள்.

"என் காலை யாரு பாத்தது?"

"யாரும் பாக்கலம்மா. உங்க பழைய ஷூவைத்தான் பாத்தோம்."

"பழசைத் தூக்கிப் போடுங்க. இதை நான் இனிமே கழட்டப் போறதில்ல."

பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து குலவையிட்டதில் தகரக் கூரை அதிர்ந்தது. ஹெதியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பசைக் கை என்பதால் துடைக்கக்கூட முடியவில்லை.

குலவை அடங்கியது. முதலாளி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தன் ஷூ இரண்டையும் கழற்றினார். ஹெதியாவின் மேசைமேல், அடி மேலே தெரியும்படி, தன் கையாலேயே கவிழ்த்து வைத்தார்.