மஹிமாவின் முதல் ஆல்பம்

மஹிமா பாட்டு எழுதத் தொடங்கியது சால்ட் லேக்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். வீட்டில் தமிழ், வெளியே வங்காளம், ஆபீசில் ஆங்கிலம். பாட்டில் மூன்றும் கலந்து வந்தன. வரிகள் சேர்ந்துகொண்டே போனதே தவிர, இசையமைக்க ஆளில்லை. அப்போதுதான் உடன் வேலை பார்த்த அக்ஷய் கிடைத்தான். லேப்டாப்பிலேயே எலக்ட்ரோபாப் இசை கோர்க்கிறவன். லேக் மார்க்கெட் பக்கம் தான் குடியிருந்த பழைய கட்டடத்தின் லிஃப்ட் கதவுச் சத்தத்தைக்கூடப் பதிவு செய்து தாளமாக்கிவிடுவான்.

சனி, ஞாயிறுகளில் அவன் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பாடுவாள். ஒவ்வொரு முறையும் "ஆரேக்பார்" என்று மறுபடி பாடச் சொல்வான். இரண்டு வருஷத்தில் ஒன்பது பாட்டு. இணையத்தில் ஏற்றியது ஒன்றைத்தான். மற்ற எட்டும் அவன் லேப்டாப்பில் மட்டுமே இருந்தன; அவற்றை ஆல்பமாக வெளியிடலாம் என்றிருந்தார்கள்.

செப்டம்பரில் அக்ஷய்க்கு டெங்கு வந்தது. ஐந்தே நாள். பூஜைப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த தெரு வழியாகத்தான் அவனை எடுத்துப் போனார்கள்.

அந்த வீட்டுக்குப் போக மஹிமாவுக்கு மனம் துணியவில்லை. ஜனவரியில்தான் போனாள். அக்ஷயின் அம்மா பாகீரதி காபி கொடுத்தாள்.

"மாமி, அக்ஷயோட லேப்டாப்..."

"அவன் சித்தப்பா பொண்ணு காலேஜ் சேந்திருக்கா, அவளுக்குக் குடுத்துட்டேன்மா. கடையில சொல்லி உள்ள இருந்ததையெல்லாம் அழிச்சு, புதுசு மாதிரி பண்ணிக் குடுத்தேன். உங்க பாட்டெல்லாந்தான் நெட்ல இருக்கே. ஏம்மா, வேற ஏதாவது இருந்துதா அதுல?"

மஹிமா காபியை ஒரு வாய் குடித்தாள்.

"இல்ல மாமி. ஆபீஸ் வேலைதான். பரவாயில்ல."

தெருவுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

வரிகள் நினைவில் இருந்தன. வேறொருவரை வைத்து அந்த எட்டுப் பாட்டையும் திரும்பச் செய்து பார்த்தாள். எதுவுமே அக்ஷயின் பாட்டாக வரவில்லை. கடைசியில் அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். மேக்னா என்ற பெண் இசையமைத்தாள். சின்னச் சின்ன மேடைகள் கிடைத்தன. போன மாதம் முதல் ஆல்பம் வெளிவந்தது. அக்ஷயின் அந்த ஒரு பாட்டையும் அதில் சேர்த்திருந்தாள்.

மறுநாள் பாகீரதி போன் செய்தாள்.

"எல்லாம் கேட்டேம்மா. அவன் போட்டது எது?"

"முதல் பாட்டு, மாமி."

"அத மட்டும் நாலு தடவை கேட்டேன். அவன் போட்ட மத்த பாட்டையும் அனுப்பேன். நெட்ல எனக்குத் தேடத் தெரியல."

மஹிமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாக்கறேன் மாமி," என்றாள்.