குரைப்பதா, குறட்டை விடுவதா

மாசாணியம்மாளுக்கு நாயே வேண்டாம். பொமரேனியன் நாயா, ‘பக்’ நாயா என்று மகளும், இவள் புருஷன் சென்னியப்பனும் வீடியோ காலில் மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். எது வந்தாலும் சோறு வைக்கப்போவது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள அவளுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

சோமனூரில் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் குடோன். கல்யாணமாகி வந்ததிலிருந்து தறியில் நின்றாள், இடையில் ஓடிவந்து உலை வைத்தாள், மாடு கறந்தாள், மதிவதனியைப் பெற்று வளர்த்துப் பெங்களூரில் கட்டிக் கொடுத்தாள். இனியாவது கொஞ்சம் காலை நீட்டலாம் என்று பார்த்தபோதுதான் ஆடி மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. தறி ஒன்றும் ஓடவில்லை. சென்னியப்பன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் கிடந்தவள் தொண்டை வற்றும்வரை அவரைக் கூப்பிட்டாள். அவர் பேப்பரைப் புரட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அந்த மனிதர் எழுந்து வரவில்லை. வெகுநேரம் கழித்துக் காப்பி கேட்டு உள்ளே வந்தவர்தான் பதறிப்போய்த் தூக்கினார்.

ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. பொண்டாட்டி கூப்பிட்டதும் எழுந்து ஓடிவருகிற வம்சமா அது? போன் வந்தால்கூட "நீயே பேசு புள்ள" என்று அவள் கையில் திணித்துவிட்டு நழுவுகிற ஆள். ஆனால் மனசு வெந்துபோயிற்று. அதற்கப்புறம் எதற்கும் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். இடுப்பு வலியைவிட அதுதான் அவளை அதிகம் வாட்டியது.

"தனியா இருக்கறீங்க, ஆத்திர அவசரத்துக்குக் கொரைக்கறதுக்காச்சும் ஒண்ணு வேணுமல்லங்மா" என்று மகள் பிடிவாதமாக நின்றதால், பல்லடத்தில் வீட்டிலேயே நாய் வளர்த்து விற்கிற மிஸ்பாவின் விலாசத்தை வாங்கிக்கொண்டு புருஷனும் பொண்டாட்டியும் பஸ் ஏறினார்கள். வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு முட்டி இரண்டும் கழன்றுவிட்டது.

மிஸ்பா இரண்டு குட்டிகளையும் கூடத்தில் விட்டாள். வெள்ளைப் பொமரேனியன் வந்ததும் வராததுமாக வீடே அதிரக் குரைத்தது. சப்பை மூக்குப் பக், தன் கஷ்டத்தைச் சொல்வது போல மூச்சு வாங்கிக்கொண்டு சென்னியப்பனின் காலடியில் வந்து படுத்தது.

"வெள்ளை இருக்குல்லம்மா, இலை விழுந்தாக்கூடக் கொரைக்கும். ஆனா முடி கொட்டும், தினம் சீவணும். பக் அவ்வளவா கொரைக்காது, ஆளு காலையே சுத்திக்கிட்டுக் கெடக்கும். வெயில் ஆகாது, மூஞ்சி மடிப்பைத் தினம் தொடைக்கணும்" என்றாள் மிஸ்பா.

"ஒண்ணுக்குச் சீவோணும், ஒண்ணுக்குத் தொடைக்கோணும்" என்றாள் மாசாணியம்மாள். "என்ற தலையைச் சீவவே கையத் தூக்க முடியறதில்லீங்க. ஊடு பூரா பஞ்சு பறக்குது, இதுல நாய் முடி வேற."

சென்னியப்பன் வெள்ளைக்குட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையே எடுத்துக்கலாம். கணீர்னு இருக்குது" என்றார்.

மிஸ்பா டீ போடப் போனாள். அவர் குனிந்து பக்கின் காதைச் சொறிய ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கேட்டைத் திறக்க, அவருக்குப் பின்னால் நின்ற வெள்ளை உயிர் போகிற மாதிரி குரைத்தது. மாசாணியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

டீயோடு வந்து எதிரே நின்ற மிஸ்பாவிடம் அவர் கேட்டார்: "ஏம்மா, அந்த வெள்ளை தூங்கிப்போச்சுங்களா? சத்தத்தையே காணோம்."

தமாஷ் என்று நினைத்து மிஸ்பா சிரித்தாள். மாசாணியம்மாள் சிரிக்கவில்லை. அவர் முதுகுப் பக்கம் போய் நின்று, "ஏனுங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்க, "ஏனுங்க" என்றாள். அவர் பக்கின் காதைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. குடோனில் எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்குள் வந்த பிறகும் இந்த மனிதர் அப்படியே காலத்தை ஓட்டியிருக்கிறார். கூட இருந்தவளுக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமாகக் கட்டிக்காத்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல், அவளுக்கு ஒரேயடியாக அசதி வந்துவிட்டது. அவர்மேல் பாவமாக இருந்தது. தன்மேலும்தான்.

சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்தாள். "இந்தக் குறட்டை விடறதையே எடுத்துக்கலாமுங்க."

"அது கொரைக்காதே புள்ள. நீ கீது மறுக்கா உழுந்துட்டீன்னா?"

"வந்து உங்க வேட்டியப் புடிச்சு இழுக்குமுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். பக் குட்டியைத் தூக்கித் துண்டில் சுற்றினார்.

திரும்பும்போது பல்லடம் பஸ் ஸ்டாண்டில் உட்கார இடம் கிடைத்தது. அவர் மடியில் துண்டுக்குள் சுருண்டு பக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கேட்பதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, மாசாணியம்மாள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு பாத்ரூம்ல உழுந்து கெடந்தப்ப, உங்களை எவ்வளவு கூப்பிட்டேன் தெரியுங்களா?"

அவர் அவள் உதட்டையே பார்த்திருந்தார்.

"கூப்பிட்டயா புள்ள?" என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பப் போனவள், திருப்பாமல், அவர் பார்க்கும்படியே வைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.