அட்டைப்படத்துச் சமத்துவம்

நேற்றுக் காலை செல்போனில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் சாமிக்கண்ணுவின் மகள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "அப்பா பெட்டியில இருந்துச்சு. நீங்க வரைஞ்சதாமே சார்?" என்று கேட்டிருந்தார். கொள்ளிடத்துப் பாலத் திறப்பு விழா மலரின் அட்டை. மறுக்க முடியாது. மூலையில் என் கையெழுத்து அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில் படம் போடும் வேலை. பாலத்தை நான் பார்த்ததேயில்லை. அதனாலென்ன, எந்தச் சீமையிலோ இருக்க வேண்டிய பாலம் ஒன்றை வளைவு வளைவாக வரைந்துவிட்டேன். ஆற்றில் வெள்ளம் கரை ததும்பியது. நிஜ ஆற்றில் மணல் வண்டி போய்க்கொண்டிருந்தது. மேகத்திலிருந்து காவிரித்தாய் பூத்தூவினாள். பகுத்தறிவு ஆட்சியில் தெய்வம் வரலாமா என்று எனக்குச் சந்தேகம். "அது தாய்தானப்பா, சாமியில்ல. கிரீடத்த மட்டும் சின்னதாக்கு" என்றார் விழாக் குழுச் செயலாளர்.

நடுவில் மிராசுதாரும் கூலியாளும் தோளில் கைபோட்டு நடந்து வர வேண்டும். 'சமத்துவப் பாலம்' என்று தலைப்பு. அந்த வாரம்தான் கூலிநெல் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு அறுவடை நின்றிருந்தது. அந்தப் போராட்ட நோட்டீசும் எங்கள் அச்சகத்தில்தான், அதே மெஷின், அதே மை. நோட்டீஸ் வாங்க வந்த அறுவடைக் கூலியாள் சாமிக்கண்ணுவைப் பிடித்து நிறுத்தி, காகிதக் கட்டின் மேல் கை போடச் சொல்லி வரைந்தேன்.

"இத அவரு தோளுன்னு நெனச்சுக்கவா? கூசுதுங்க தம்பி" என்று சிரித்தார். மிராசுதார் தோளில் கை போட்டபடி தன் படம் வரப்போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார்.

மலர்க்குழுத் தலைவரும் ஒரு மிராசுதார். மாதிரி அச்சைப் பார்க்க வந்தார்.

"படம் பிரமாதம். எங்காளு தோள்ல எதுக்குய்யா அவன் கை? எடுத்துடு."

வேலை போய்விடுமே என்று பயந்தேன். படத்தை அச்சடிக்கும் துத்தநாக பிளாக்கில் அந்தக் கையை நானே சுரண்டினேன். அச்சில் மணிக்கட்டுக்கு அப்பால் வெறும் வெள்ளை. தலைப்பை மட்டும் யாரும் சுரண்டச் சொல்லவில்லை.

விழாவன்று சாமிக்கண்ணு பிரதி வாங்க வந்தார். வெகுநேரம் அட்டையையே பார்த்தார்.

"கை எங்கங்க தம்பி?"

"பிளாக்குல தேஞ்சுடுச்சுண்ணே."

வெட்கங்கெட்ட பொய். அவர் மலரை மடிக்காமல் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. மலர்க்குழுத் தலைவரின் வீடு கல்யாண மண்டபமாகிவிட்டது. பாலத்தையும் போன வருஷம் இடித்தாயிற்று. பக்கத்தில் வந்த நாலுவழிப் பாலத்துக்கு மலரெல்லாம் கிடையாது, பிளெக்ஸ் பேனர்தான். அதில் தலைவர்களின் முகத்துக்கே இடம் போதவில்லை, கூலியாளுக்கு எங்கே போவது?

விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். நான் சுரண்டிய இடத்தில் நீலப் பேனாவில் ஒரு கை. விரல்கள் கோணல்மாணலாக இருந்தன, ஒன்று கூடுதல் வேறு. மிராசுதாரின் தோளை நன்றாகப் பிடித்திருந்தது.

டீச்சர் மறுபடி கேட்டிருந்தார்: "அந்தக் கையும் நீங்க போட்டதுதானே சார்?"

"இல்லம்மா. நான் எடுத்தேன். போட்டது உங்கப்பா" என்று எழுதி அனுப்பினேன்.