தாய்மாமனுக்கு இடமில்லாத வண்டி

லியோனைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். எனக்கு அந்த உரிமை இருக்கிறது. அவன் கட்டியிருப்பது என் கூடப்பிறந்த தங்கை ராஜமேரியை. முகத்துக்கு நேராக வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். தங்கை புருஷனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது. அவன் இல்லாத இடத்தில் எனக்கு அவன் 'அவன்'தான்.

அரசு பஸ் ஓட்டினான். தருமபுரியிலிருந்து அரூர், அரூரிலிருந்து திரும்பத் தருமபுரி. வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ஏறக்குறைய இதே தடம்தான். தீர்த்தமலைத் திருவிழா சமயத்தில் படிக்கட்டில் தொங்குகிறவர்களோடு சேர்த்தால் பஸ்ஸில் எத்தனை பேர் என்று கண்டக்டருக்கே தெரியாது. இன்ஜின் மூடி மேல் நாலு பேர், அவர்கள் மடியில் தக்காளிக் கூடை, கூடைக்குப் பக்கத்தில் கால் கட்டிய கோழி. நிறுத்தம் இல்லாத இடத்தில் கை காட்டினாலும் நிறுத்துவான். அதில்தான் இந்த நல்ல பேரைச் சம்பாதித்தான். அரசாங்கத்து டீசலில் நல்ல பேர் வாங்குவது ஒரு பெரிய காரியமா?

ஓய்வு பெற்றதும் கார் வாங்கப் போகிறேன் என்றான். நானும் சந்தோஷப்பட்டேன். கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், பெண்டாட்டிக்கு இரண்டு முட்டியிலும் வலி. ஏழு பேர் தாராளமாக உட்காரும் வண்டியாகப் பார்த்து வாங்குவான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் குடும்பத்தோடு போய் இறங்குவார்கள் என்றுதான் யார் நினைத்தாலும் நினைப்பார்கள். பெங்களூர் போனவன், சிவப்பாக ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு துணி இருக்கிறது, அதுவும் ஓரத்தில் கிழிந்திருந்தது. மூக்கு நீளம், முதுகு குட்டை, வயிறு தரையைத் தொடுகிறது. வயதில் அவன் மகள் ஜெனிஷாவுக்கு அக்கா. முக்கியமான விஷயம், இரண்டே இரண்டு சீட்டு.

"மீதி வண்டி பின்னால வருதுங்களா மாப்ள?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். எதைச் சொன்னாலும் சிரிப்பான். எனக்கு அதுதான் பிடிக்காது.

அதியமான்கோட்டையில் சர்வீஸ் ரோட்டோரம் மதியழகன் டீக்கடை இருக்கிறது. நான் தக்காளி லோடு இறக்கிவிட்டு வந்து பிக்கப் வேனை நிறுத்துவது அங்கேதான். ஒரு வருடமாக அந்தக் கடையில் அரசியல் பேச்சு கிடையாது, மழை பற்றிய பேச்சு கிடையாது. லியோன் வண்டி கெத்தா, காமெடியா? இதே பேச்சு. கெத்து என்று முதலில் சொன்னவன் யார் தெரியுமா? நான் பெற்ற மகன் ஆரோக்கிய பிரவீன். ஓசூரில் கம்பெனி வேலை, லீவில் வந்திருந்தான்.

"இந்த மாதிரி வண்டி இந்த ஜில்லாவுலயே வேற கிடையாதுப்பா. பழசானாலும் செம கெத்து" என்றான்.

"கிடையாதுன்னா வேணும்னு யாரும் கேக்கலன்னு அர்த்தம்டா" என்றேன்.

மதியழகன் என் பக்கம். "ரெண்டு பேரு குந்தறதுக்கு பைக்கே போதுமேங்க. அதுக்கு எதுக்கு நாலு சக்கரம்?" என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்கு நான் ஒரு டீக்கு இரண்டு டீக் காசு கொடுத்தேன்.

பிரவீன் விடவில்லை. வளைவில் அது எப்படிப் படிந்து திரும்புகிறது, கியர் எப்படி விழுகிறது என்றெல்லாம் அளந்தான். தொப்பூர்க் கணவாயில் பக்கத்தில் போகிற லாரிக்காரனுக்கு இப்படி ஒன்று கீழே வருவதே தெரியாது என்று நான் சொன்னேன். வெயில், புழுதி, மழை எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊர் வேகத்தடைகளைச் சொன்னேன். ஆளாளுக்கு வீட்டு வாசலில் போட்டுக்கொண்டவை அவை, ஒவ்வொன்றும் ஒரு வரப்பு உயரம். அவற்றைத் தாண்ட லியோன் வண்டியைக் குறுக்கே சாய்த்து, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றுவான். வயிறு உரசும் சத்தம் கேட்டால் தெருவே கதவைத் திறந்து பார்க்கும். இதுவா கெத்து?

ஒருநாள் இந்தச் சண்டைக்கு நடுவில் லியோனே வந்து உட்கார்ந்தான். கடை முழுக்க இருந்தவர்கள் முன்னால் கேட்டுவிட்டேன்.

"வூட்ல இருக்கறது மூணு பேரு. வண்டியில ரெண்டு பேரு. யார வுட்டுட்டுப் போறதுக்கு இத வாங்குனீங்க?"

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"வேலையில இருந்த வரைக்கும் ஊரையே ஏத்திக்கிட்டுப் போனனுங்க மச்சான். உங்க தங்கச்சி எம் பஸ்ல ஏறுனாலும் பொம்பளைங்க பக்கம் பின்னாலதான் நிப்பா. கண்ணாடியில பாப்பேன், கூட்டத்துல தலகூடத் தெரியாது. எம் பக்கத்துல அவ மட்டும் குந்தி ஒருக்கா அரூர் வரைக்கும் போவோணும். வேற யாரும் ஏறக் கூடாது. அவ்ளோதாங்க."

மதியழகன் கட்சி மாறிவிட்டான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. எனக்கோ கோபம் இன்னும் ஏறியது. ஏனென்றால் ராஜமேரி அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறவில்லை. "தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் மேல இருந்து எட்டிப் பாக்கறான், நான் என்ன தேர்ல வெச்ச சொரூபமா?" என்று சொல்லிவிட்டாள். முட்டி மடக்கி அவ்வளவு தாழ உட்காரவும் அவளால் முடியாது. பெண்டாட்டியின் முட்டியைக் கேட்காமல் பெண்டாட்டிக்காக வண்டி வாங்கியவன் அவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் காலி சீட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "இன்னைக்காவது வர்றியா?" என்று கேட்பான். அவள் ஷேர் ஆட்டோவில் கோயிலுக்குப் போவாள். கடைசியில் பெண்ணை ஏற்றிக்கொண்டு போய் சர்வீஸ் ரோட்டில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான்.

இப்படியே போயிருந்தால் நான் வாயோடு நிறுத்தியிருப்பேன். ஜெனிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணை வீட்டிலிருந்து கோயில் வாசல் வரை கொண்டுபோய் விடுவது தாய்மாமன் முறை. மாலை போட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, மேளத்தோடு கூட்டிப் போக வேண்டும். அப்பன் முன்னாலேயே போய்க் கோயிலில் நிற்பான். அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைசியில் வருவாள். ராஜமேரிக்கு ஒரே பெண். எனக்கும் வேறு தங்கை கிடையாது. இந்த முறையைச் செய்ய எனக்கு வாய்ப்பது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. கோயிலில் கல்யாண ஓலை வாசித்த முதல் ஞாயிறே என் பிக்கப் வேனுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். பின்னால் நாற்காலி போட்டு, மேலே சாமந்திப்பூப் பந்தல் போடுவதாக ஏற்பாடு.

ஜெனிஷா ஒரே வரியில் முடித்தாள். "மாமா, நான் அப்பா வண்டியிலதான் போவேன்."

"போ சாமி. நான் எங்க குந்தறது?"

அவள் அப்பனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு, தாய்மாமனுக்கு இடமில்லாத வண்டியை வாங்கிய ஒரே ஆள் இந்த ஜில்லாவில் அவன்தான். என் மகன் சொன்னதில் அது மட்டும் உண்மை, இப்படி வேறு கிடையாது.

கல்யாணக் காலை. கோயிலில் முதல் மணி அடித்துவிட்டது. எங்கள் பங்குச் சாமியார் நேரத்தில் கறார். மூன்றாம் மணிக்குப் பெண் வாசலில் இல்லையென்றால் பாட்டைத் தொடங்கச் சொல்லிவிடுவார். தெருவில் என் வேன் பூப்பந்தலோடு நின்றது. அதற்கு முன்னால் சிவப்பு வண்டி, கழுவித் துடைத்து. லியோன் பட்டு வேட்டியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். நான் போய் மற்றப் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்குங்க மாப்ள. வண்டிய வேணும்னா நான் ஓட்டறேன். முறை என்னுது."

"இந்தக் கிளச் உங்களுக்கு ஒத்துவராதுங்க மச்சான். பொண்ணு எங்கூட வரட்டும். நீங்க முன்னால வேன்ல போங்க."

"நான் முன்னால போறதுக்கு நான் என்ன பைலட் வண்டியா?"

"கோவப்படாதீங்க."

"நீ முதல்ல எறங்கு!"

வாங்க, போங்க போய்விட்டது. ஊர் முன்னால் தங்கை புருஷனை நீ என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது. கதவைத் திறந்து இறங்கி என் எதிரில் வந்து நின்றான். பிறகு இரண்டு பேரும் என்னென்ன பேசினோம் என்பதை இங்கே எழுத முடியாது. அவன் வண்டியை ஓட்டை டப்பா என்று நான் சொன்னேன். தக்காளி நாற்றம் அடிக்கிற வேனில் என் பெண் ஏற மாட்டாள் என்று அவன் சொன்னான். சிரிக்கிறவன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த ஆளுக்கு எவ்வளவு பெரிய வாய்! மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் மணி அடித்தது.

ஜெனிஷா படியிறங்கி வந்தாள். தலையில் வெள்ளை நெட், கையில் பூச்செண்டு. எங்களைத் தாண்டிப் போய், நெட்டைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சாவி வண்டியிலேயே இருந்தது.

"அம்மா, வந்து குந்து" என்றாள்.

ராஜமேரி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். எங்களை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருடத்தில் என் தங்கை என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இந்த ஒரு சீட்டுக்கு எம் பொண்ணு கல்யாணத்தையே ரோட்டுல நிறுத்திட்டீங்க. ரெண்டு பேருல ஒருத்தராவது என்னக் கேட்டீங்களா?"

நான் பிடித்திருந்த கதவிலிருந்து என் கையை அவளே எடுத்துவிட்டாள். முதுகைத் திருப்பி முதலில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள், அடுத்து மற்றக் காலை. வலித்திருக்கும். சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. மேளம் பின்னால் ஓடியது. முதல் வேகத்தடை வந்ததும் லியோன் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "சாய்ச்சு ஏத்து, சாய்ச்சு ஏத்து" என்று தனக்குள் சொன்னான். பெண் சாய்த்துத்தான் ஏற்றினாள், உரசவில்லை. தெரு முழுக்கக் கை தட்டியது. பிரவீன் போனில் படம் எடுத்துக்கொண்டே ஓடினான். என் வேனில் அதற்குள் சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் ஏறிக்கொண்டு, அன்றைக்கென்று நான் வைத்திருந்த டிரைவரைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

தெருவில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர், என் எக்செல் வண்டி ஒன்று. வேறு வழியில்லாமல் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

"மச்சான்" என்றான் பாதி தூரம் போனதும். "மேட்டுல ஏத்தறப்ப வண்டி திரும்புச்சே, உங்க பக்கமாத்தான் அவ மூஞ்சி இருந்துச்சு. எனக்கு ஜெனிஷா மறைச்சுட்டா. சிரிச்சாளா அவ?"

சிரித்தாள். வாயை மூடாமல், முந்தானை பறக்க, நான் பார்த்தே இராத மாதிரி சிரித்தாள். அதை இவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருந்தது.

"சிரிச்சா. உன்னப் பாத்து இல்ல" என்றேன்.

என் தோளைப் பிடித்திருந்த அவன் கை இறுகியது. அழுகிறானா என்று திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கே கண் கரித்தது, புழுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மணி அடித்து முடிந்திருந்தது. வாசலில் சிவப்பு வண்டியைச் சுற்றி ஊர்ப்பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே பாட்டு. பெண்ணைப் பீடம் வரைக்கும் ராஜமேரி கைபிடித்து அழைத்துப் போயிருந்தாள், முட்டிவலியோடு. பெண்ணின் அப்பனுக்கும் தாய்மாமனுக்கும் என்று முன்வரிசையில் வைத்திருந்த இரண்டு இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கடைசியில், செருப்புகளுக்குப் பக்கத்தில், பூசை முடியும்வரை நின்றோம்.