தும்மிவிட்டுக் காத்திருந்தேன்

எங்கள் தொழிலில் "வானொலி புகழ்" என்று போஸ்டரில் போட்டுக்கொள்ள, ஒரு தடவை வானொலியில் பேசியிருந்தால் போதும். நான் அவசரக்காரன். ஒலிப்பதிவு முடிந்து வந்த கையோடு, ஒலிபரப்பாகும் முன்பே போட்டுவிட்டேன். பரளச்சித் திருவிழாவுக்கு "வானொலி புகழ் பலகுரல் மன்னர்" வருகிறார் என்று சுவர் சுவராக ஒட்டியாகிவிட்டது. மை அப்பியதில் மன்னருக்கு மீசை எது, வாய் எது என்று தெரியவில்லை.

அதுவரை நான், நாடகக்காரர்களின் வேன் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைக்கிற ஆள். முதல்முறையாக முழுதாக ஒரு மணி நேரம் கொடுத்தவர் விழாக் கமிட்டித் தலைவர். அருப்புக்கோட்டையில் வத்தல் கடை வைத்திருந்தார். போஸ்டரைப் பார்த்ததும் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரேடியோவுல நானும் கேப்பேன் மாப்ளே. நல்லா இல்லேன்னு வையி, போஸ்டர்ல ஒம் மூஞ்சி மேல பேப்பரை ஒட்டிட்டு வேற ஆளைப் பாத்துக்கிருவேன்."

என் சரக்கு இதுதான்: மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிய திருச்சுழி பஸ். கண்டக்டர் விசிலுக்குள்ளேயே தும்முவார். டிரைவர் ஹாரனோடு சேர்த்துத் தும்முவார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் வெடிப்பார். மேடையில் ஒவ்வொரு தும்மலுக்கும் சிரிப்பு எழும். அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தும்ம வேண்டும்.

ஒலிப்பதிவு அறையில் சிரிக்க ஆளில்லை. பழக்கதோஷத்தில் தும்மிவிட்டுக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி என்னையே பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். இப்போதெல்லாம் தொலைக்காட்சிக்காரர்கள் சிரிப்பையும் அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். நான்தான் முந்திப் பிறந்துவிட்டேன்.

ஒலிபரப்பன்று சாயங்காலம், பந்தல்குடி டீக்கடை. தலைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் லாரிக்காரர்கள். கண்டக்டர் தும்மினார். அப்புறம் ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. டீ மாஸ்டர் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். உடனே டிரைவர் தும்மினார். கைராசி என்று நம்பிய மாஸ்டர் அடுத்ததற்கும் தட்டத் தயாரானார்.

"ஏலே, தும்முனவன் எங்கிட்டுப் போனான்?" என்றார் ஒரு லாரிக்காரர்.

"மூக்குச் சிந்தப் போயிருப்பான்," என்றார் இன்னொருவர்.

தலைவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல் டீயை ஊதினார். எனக்குப் போஸ்டர் பசை வாடை அடித்தது.

மூன்றாவது தும்மல். மறுபடியும் அமைதி. வடை போட்டுக்கொண்டிருந்த அம்மா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நூறு" என்றார். பிள்ளைகள் தும்மினால் நூறு வயசு இருக்கட்டும் என்று சொல்கிற வாய்ப்பழக்கம், வேறொன்றுமில்லை. அடுத்த தும்மலுக்கு லாரிக்காரர், "எரநூறு!" என்றார். அதற்கடுத்ததற்குக் கடையே சேர்ந்து, "முன்னூறு!" என்று கத்தியது.

"போதும்யா, எமனுக்கு வேலை இல்லாமப் பண்ணிருவீக போலருக்கே!" என்றார் டீ மாஸ்டர்.

நான் காலியாக விட்டிருந்த இடத்திலெல்லாம் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை வெடித்தபோது தலைவர் மேல்துண்டில் டீயைக் கொட்டிக்கொண்டார்.

முடிந்ததும் துண்டை உதறியபடி எழுந்தார். "நீ தும்முனது சுமாருதான் மாப்ளே. தும்மிட்டுப் பேசாம இருந்தே பாரு, அதுதான் ஐட்டம். திருவிழாவுலயும் அப்படியே இரு."

"அப்ப போஸ்டரு, அண்ணாச்சி?"

"அது கெடந்துட்டுப் போகுது."

வானொலி நிலையத்திலிருந்து அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஆனால் பாலவனத்தம் வரைக்கும் மேடை மேடையாகத் தும்மினேன். ஒவ்வொரு ஊரும் எனக்கு ஆயிரக்கணக்கில் ஆயுசு கொடுத்து அனுப்பியது. இப்போது டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லிப் பயமுறுத்துகிறார். சின்ன வயசுக்காரர், என்னிடம் இருக்கிற இருப்பு அவருக்குத் தெரியாது.