ஹாரனைக் கேட்டுப் படித்த போர்டு

"பே...ப்பெப்பே" என்று இழுத்து முடிக்கும் அந்த ஹாரன் சத்தம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போதே, "சின்னசேலம் வண்டிம்மா!" என்று கத்திவிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு நான்தான் போர்டு படித்துச் சொல்கிற ஆள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பதவி வேறென்ன வேண்டும்! "எம் பொண்ணுக்குப் பருந்துக் கண்ணு" என்று பக்கத்தில் நிற்பவர்களிடமெல்லாம் அம்மா பீற்றிக்கொள்வாள். உண்மையில் பத்தடிக்கு அப்பால் எந்த போர்டும் எனக்கு வெறும் மஞ்சள் கறைதான். தனியார் வண்டி ஒவ்வொன்றுக்கும் தனி ஹாரன் சத்தம் இருந்ததால் என் பிழைப்பு ஓடியது. சொன்னால் பதவி பறிபோய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

சின்னசேலத்துச் சித்தியின் வளைகாப்பன்று குட்டு உடைந்தது. அதே ஹாரனைக் கேட்டு நான் கத்த, வளையலும் பலகாரமுமாக அடித்துப்பிடித்து ஏறினோம். அந்தக் கூட்டத்தில் நடத்துனர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் கச்சிராயபாளையமே தாண்டிவிட்டது. "சின்னசேலமா? இது வெள்ளிமலை வண்டிங்க!" என்றார். முதலாளி போன வாரம்தான் அந்த ஹாரனைக் கழற்றி இந்த வண்டியில் மாட்டியிருந்தாராம்.

"இன்னாடி, போர்ட பாத்துதான சொன்ன?" என்றாள் அம்மா. ஓவென்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், "கண்ணு தெரியாமயா இத்தினி நாளா என்ன இட்டுக்கினு போன!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். வண்டியே சிரித்தது. நாங்கள் சின்னசேலம் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே கண் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். நான் எழுத்து அட்டையின் மூன்றாவது வரியிலேயே திக்கினேன். பக்கத்தில் எழுத்தறியாதவர்களுக்காக, ஆங்கில 'E' எழுத்தை நாலு திசையிலும் திருப்பிப் போட்ட இன்னொரு அட்டை தொங்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, யாரும் கேட்காமலே, கடைசி வரிவரைக்கும் விரலைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பில்லை. "அம்மா, பருந்துக் கண்ணு உங்களுக்குத்தாங்க!" என்றார் பரிசோதித்தவர்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளியே வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நீலப் புகை என்று நினைத்திருந்த கல்வராயன் மலையில் அத்தனை மடிப்புகள்! கடைப் பலகை, சுவரெழுத்து, வண்டி போர்டு என்று ஒன்றுவிடாமல் உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். "மூச்சு வுட்டுட்டுப் படிடி" என்றாள் அம்மா.

அந்த ஹாரனும் அந்த வண்டியும் இப்போது இல்லை. போன வாரம் கண் பரிசோதனையில் என் மகளும் மூன்றாவது வரியில் திக்கினாள். அழுகையோடு அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். "அழுதுக்கினு நிக்காத. இத்தினி நாளு எத்த வெச்சி சமாளிச்சான்னு மொதல்ல அவள கேளு" என்றாள்.

கேட்டேன். "மிஸ் போர்டுல எழுதும்போது சொல்லிக்கினேதான் எழுதுவாங்க, அத்த கேட்டு எழுதிக்குவேன்" என்றாள் மகள், கொஞ்சம் பெருமையாகவே. போனில் அம்மா சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று.