கறுத்துப்போன விரல்முட்டிகள்

அறையில் மருத்துவர் இருந்தார், நான் இருந்தேன். அம்மா இல்லை, அந்நேரம் எங்கள் ஊர் பண்ணைப்புரத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் என்னை டாக்டரிடம் துரத்தியவள் அவள்தான். ஜெர்மனியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன் நோயாளியோடு கை குலுக்குகிறார். இவர் குலுக்கிய கையை விடவில்லை. விரல்முட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முட்டிகள் கறுக்கத் தொடங்கி நாலைந்து மாதமாகியிருந்தது. குளிர்தான் காரணம் என்று தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். வீடியோ அழைப்பில் அம்மா பார்த்துவிட்டாள். "ஏலே, கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிட்டு அங்கன சட்டிபானையா தேய்க்கிற?" சிரித்தேன். "சிரிக்காத. உங்கப்பா திராட்சைக்கு எம்புட்டு வருசம் மருந்தடிச்சாக, அவுக கைகூட இப்பிடிக் கறுக்கல. டாக்டர்ட்ட காட்டு." பிறகு பாதங்கள் மரத்தன, மாடிப்படியில் மூச்சு வாங்கியது. ரத்தப் புற்று என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். தங்கையின் நர்சிங் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"இறைச்சி?" என்று கேட்டார் மருத்துவர். இல்லை. "முட்டை, பால்?" முட்டை இல்லை, பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. கறியும் முட்டையும் நிறுத்தி மூன்றரை வருஷம். "வேகனா, விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாதவரா?" இல்லை, வேண்டுதல் என்றேன். விசா கிடைத்தால் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்னிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். எடுக்கும்வரை கவுச்சி கூடாது. ஊரில் இருப்பவர்களுக்கு அது சில வார விரதம், சித்திரைத் திருவிழாவோடு முடிந்துவிடும். எனக்கு மூன்று சித்திரையும் மேனேஜர் லீவு தரவில்லை. விரதம் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது, அம்மாவுக்கும் தெரியாமல். "அப்படியானால் இதை முடித்துவைக்க வேண்டியவர் உங்கள் மேனேஜரா?" என்று மருத்துவர் உண்மையாகவே கேட்டார். யோசித்துப் பார்த்து, ஆமாம் என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. முட்டி கறுத்ததும் கால் மரத்ததும் அதனால்தான். ஊசியில் சரியாகிவிடும், வேறொன்றும் இல்லை என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். சைக்கிளில் போன ஒருவர் நின்று, எல்லாம் சரிதானா என்றார். சரிதான் என்றேன். அந்த ஊரில் அந்தக் கேள்விக்கு நான் பொய்யில்லாமல் சொன்ன முதல் பதில்.

போனில் அம்மாவிடம் விரதத்தைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. "முட்டை, கறி எல்லாம் சாப்பிடச் சொல்றாகம்மா. மூணு வருசமா கவுச்சி தொடல, சட்டி இன்னும் எடுக்கலையே?"

அம்மா வெடித்தாள். "கூறுகெட்டவனே, மூணு வருசமா காயச் சொல்லி ஒன்னைய யாருடா கேட்டா? மொதல்ல தின்னு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாளே வீரபாண்டிக்குப் போய், வெள்ளித் தகட்டில் செய்த கை ஒன்றை வாங்கி எனக்காக உண்டியலில் போட்டிருக்கிறாள். முட்டிகள் இப்போது பழைய நிறத்துக்குத் திரும்புகின்றன. இரண்டு கைகள் இங்கே கீபோர்டைத் தட்டுகின்றன. மூன்றாவது அங்கே சில்லறைக்குள் கிடக்கிறது. ஊசி மருந்துக்குக் காப்பீடு போக நான் கொடுத்தது ஐந்து யூரோ, சுமார் ஐந்நூறு ரூபாய். தகடு, பூ, தேங்காய்க்கு அம்மா கொடுத்தது அறுநூற்று நாற்பது ரூபாய்.